மொஹாவே ரோட்டில் மூன்று நாள்: வண்டிக் கீறலும் மண்ணின் கீறலும்

கலிஃபோர்னியா, நெவாடா, அரிசோனா மூன்று மாநிலங்களும் நெருங்கி நிற்கும் இடத்தில், கொலராடோ ஆற்றங்கரையில் தொடங்கி மேற்கே மொஹாவே ஆறு வரை ஏறக்குறைய 138 மைலுக்கு ஒரு பழைய வண்டித்தடம் கிடக்கிறது. மொஹாவே ரோடு என்று பெயர். பெயரில்தான் ரோடு. தார் கிடையாது, கேஸ் ஸ்டேஷன் கிடையாது, பெரும்பாலான இடங்களில் போன் சிக்னலும் கிடையாது. மொஹாவே பழங்குடி மக்கள் ஒரு நீரூற்றிலிருந்து அடுத்த நீரூற்றுக்கு நடந்து கடற்கரை வரை வியாபாரத்துக்குப் போன பாதை இது. 1860-களில் ராணுவத்தின் குதிரை வண்டிகள் இதில் ஓடின. 1883-ல் ரயில் வந்ததும் தேவையில்லாமல் போய்விட்டது. நூறு வருஷம் கழித்து டென்னிஸ் கேஸ்பியர் என்பவர் நண்பர்களோடு தடத்தைத் தேடிக் கண்டுபிடித்து வழிகாட்டிப் புத்தகம் எழுதினார். அதனால்தான் இன்று நம்மால் பிள்ளைகளை உட்கார வைத்து நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு வண்டியில் இரண்டு மூன்று நாளில் இதைக் கடக்க முடிகிறது.

தமிழ்ப் பள்ளி வாசலில் இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னால், பாம்பு பற்றியோ தண்ணீர் பற்றியோ யாரும் கேட்பதில்லை. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பெயின்ட் போகாதா?"

நியாயமான கேள்வி. ரிமோட்டைக்கூடப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். என் அப்பா அமெரிக்காவில் வாங்கிய முதல் கார் பழைய கார்தான். அதையே 17 வருஷம் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கழுவுவார், துணியைப் பிழிந்து பிழிந்து துடைப்பார். அது கஞ்சத்தனமில்லை. ரிப்பேர் வந்தால் மாதச் சம்பளத்தில் ஓட்டை விழும் என்று தெரிந்த மனிதரின் கவனம். அந்தக் கவனம் நமக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாலைவனத்தில் அதை எங்கே செலவு செய்வது என்பதுதான் விஷயம்.

முதலில் பெயின்ட் என்றால் என்ன என்று பார்ப்போம். தகரத்தின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், கடைசியாகக் கண்ணாடி மாதிரி ஒரு கிளியர் கோட். பளபளப்பு எல்லாம் அந்தக் கடைசி அடுக்கில்தான் இருக்கிறது. அதன் தடிமன் பெரும்பாலும் 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடியைவிட மெல்லியது. புதர்க்கிளை உரசினால் விழும் கோடுகள் பொதுவாக இந்த அடுக்கில்தான் விழும். நகத்தால் குறுக்கே தடவிப் பாருங்கள். நகம் வழுக்கிப் போனால் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். நகம் மாட்டினால் ஆழம் அதிகம், பாலிஷ் உதவாது. இங்கே ஆஃப்-ரோடு ஓட்டுகிறவர்கள் இந்தக் கோடுகளை வேடிக்கையாகப் 'பின்ஸ்ட்ரைப்' என்பார்கள். கடையில் காசு கொடுத்து ஒட்டும் அழகுக் கோட்டைப் பாலைவனம் சும்மா போட்டுத் தருகிறதாம்.

நாங்கள் போனது நவம்பரில், இரண்டு வண்டிகளில். இந்த ரோட்டில் ஒற்றை வண்டியாகப் போகாமல் இருப்பது நல்லது. எங்களுடையது எட்டு வயதான டகோமா. நான் ஓட்ட, பக்கத்தில் அப்பா, பின்னால் என் கணவரும் 11 வயது மகளும் 8 வயது மகனும். இன்னொன்று நண்பர் குடும்பத்தின் கறுப்பு நிற எஃப்-150. வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அகலத்தையும் கவனியுங்கள். எங்கள் வண்டி சுமார் 75 அங்குலம், அவர்களுடையது சுமார் 80. அந்த 5 அங்குலம் ஃப்ரீவேயில் ஒன்றுமில்லை. புதர்களுக்கு நடுவில் பெரிய விஷயம்.

நண்பர் தயாராக வந்திருந்தார். ஹூட், முன் பம்பர், கதவுகள் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தார். பாலியுரித்தேன் ஃபிலிம் அது. கிளியர் கோட்டைப் போல மூன்று நான்கு மடங்கு தடிமன். லேசான கீறல் விழுந்தால் வெயில் சூட்டில் தானாகவே கொஞ்சம் மறையும். வண்டி முழுக்க ஒட்டினால் ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். அதனால் பலர் முன்பக்கத்துக்கும் கதவுக்கும் மட்டும் ஒட்டுகிறார்கள். செராமிக் கோட்டிங் வேறு சமாச்சாரம். அழுக்கு ஒட்டாது, கழுவுவது சுலபம், ஆனால் முள் கீறினால் தடுக்காது. காந்தத்தால் ஒட்டும் ஷீட்டுகளும் உண்டு. அவர் வண்டிக்கு அது ஆகாது. 2015 மாடலிலிருந்து எஃப்-150-க்கு அலுமினிய உடம்பு, காந்தம் பிடிக்காது. பிடிக்கும் வண்டியாக இருந்தாலும் கழுவித் துடைத்த பிறகுதான் ஒட்ட வேண்டும். அடியில் புழுதி மாட்டினால் ஷீட்டே உப்புத்தாள் வேலை பார்த்துவிடும்.

நாங்கள் செய்தது குறைந்த செலவு வேலை. கதவு விளிம்பு, கைப்பிடியைச் சுற்றியுள்ள இடம், சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, இங்கெல்லாம் பெயின்டர்கள் பயன்படுத்தும் நீல டேப். காலையில் ஒட்டி மாலையில் உரித்துவிட்டோம். வெயிலில் நாள்கணக்கில் விட்டால் பசை பிடித்துக்கொள்ளும். கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ராக் ஸ்லைடர் முன்பே போட்டிருந்தோம். இதை ஏறி இறங்க வைக்கும் படியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்லைடர் வண்டியின் சட்டத்தில் பிடிக்கும், பாறை மேல் உட்கார்ந்தால் மொத்த எடையையும் தாங்கும். மெல்லிய படி அப்படியில்லை. வளைந்து கதவுக்கு அடியிலுள்ள தகரத்தையே உள்ளே தள்ளும். கோடு விழுந்த பெயின்ட்டுக்குப் பாலிஷ் போதும், நசுங்கிய அடித்தகரத்துக்குப் பெரிய பில் வரும். பணம் குறைவாக இருந்தால் பளபளப்பை விட்டுவிட்டு முதலில் ஸ்லைடருக்கும் அடித்தட்டுக்கும் செலவு செய்யுங்கள் என்பேன்.

தார் ரோட்டை விட்டு இறங்கியதும் டயர் காற்றைக் குறைத்தோம். 35 பிஎஸ்ஐ இருந்ததை 20-க்குக் கொண்டுவந்தோம். மணலில் புதையாது, குலுக்கலும் குறையும். இரண்டு வண்டிக்கும் நடுவே புழுதி அடங்கும் அளவு இடைவெளி விட்டோம். முன் வண்டி தெறிக்கும் கல்தான் ஹூட்டிலும் கண்ணாடியிலும் படுகிறது. அந்த இடைவெளிக்குக் காசே ஆகாது.

முதல் நாள் மதியம் லான்ஃபேர் பள்ளத்தாக்கு. கண்ணுக்கு எட்டியவரை யோஷுவா மரங்கள். இங்கே ஒரு மரத்தில் தகர டப்பா ஒன்று தொங்கும். போகிறவர்கள் ஒரு பென்னி போட்டுவிட்டுப் போவது வழக்கம். பிள்ளைகள் இருவரும் போட்டார்கள். தாத்தாவும் போட்டார், கூடவே ஒரு குவார்ட்டர். "ஒத்தைக் காசு போடக் கூடாதுடா, ஒண்ணோட ஒண்ணு சேர்த்துப் போடணும்" என்று பேரனுக்கு விளக்கம் வேறு.

இந்தப் பகுதியில் தடம் குறுகல். வருஷக்கணக்காகத் தேய்ந்து தரையைவிடத் தாழ்ந்திருப்பதால் புதர்கள் கண்ணாடி உயரத்துக்கு நிற்கின்றன. பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டோம். ஜன்னலை ஏற்றச் சொன்னேன். வளைந்த கிளை திரும்பி அடித்தால் கண்ணில் படும். நடை வேகம்தான். மெதுவாகப் போனால் கிளை வளைந்து வழி விடும், வேகமாகப் போனால் கீறும். கிரியசோட் புதர் பரவாயில்லை, மெல்லிய கிளை. ஓடைக்குள் இறங்கும் ஓரிடத்தில்தான் வண்டியை நிறுத்த வேண்டி வந்தது. இரண்டு பக்கமும் 'கேட்கிளா', பூனை நகம் மாதிரி வளைந்த முள். நம் ஊர் வேலமரத்துக்குச் சொந்தக்காரச் செடி.

அப்பா இறங்கிக் கிட்டே போய்ப் பார்த்தார். "இது நம்ம பரமக்குடிப் பக்கத்து முள்ளு மாதிரியே இருக்கேம்மா" என்றார். பாதி உண்மை. இந்தப் பாலைவனத்தின் நீரோட்டப் பகுதிகளில் மெஸ்கீட் மரமும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் முழுக்கப் பரவிக் கிடக்கும் சீமைக்கருவேலம் அதே இனத்தைச் சேர்ந்தது, அமெரிக்கக் கண்டங்களிலிருந்து போனதுதான். "அங்க அது வந்தேறி, இங்க நாம வந்தேறி" என்று அப்பா சிரித்தார்.

நண்பர் பின்னாலிருந்து நடந்து வந்தார். முள்ளைப் பார்த்தார், தன் கறுப்பு வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, இடது பக்கமா யாரோ சுத்திப் போயிருக்காங்க பாருங்க. நாமளும் அப்படியே போயிடலாமா? இருபது அடிதானே."

உண்மைதான். புதரை ஒதுக்கி யாரோ திறந்த வெளியில் ஏறிப் போயிருந்தார்கள். ஒரு கிரியசோட் சக்கரத்தின் கீழ் நசுங்கிக் கிடந்தது. நண்பரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்து வருஷம் மாதத் தவணை கட்ட வேண்டிய வண்டி அது. ஆனால் இந்த இடம் மொஹாவே தேசியப் பாதுகாப்பு நிலம், 1994-ல் சட்டம் போட்டுக் காக்கப்படுவது. இருக்கும் தடத்தை விட்டு வண்டி இறங்கக் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில்தான் அவளுக்கு இரண்டு விஷயம் சொல்லியிருந்தேன். 1942 முதல் 1944 வரை ஜெனரல் பேட்டன் ஆரம்பித்த ராணுவப் பயிற்சி முகாம்கள் இந்தப் பாலைவனத்தில் இருந்தன. அன்று டேங்குகள் போன தடம் இன்னும் சில இடங்களில் தெரிகிறது. இரண்டாவது, லூசர்ன் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு கிரியசோட் புதர் வட்டமாகப் படர்ந்து நிற்கிறது, அதன் வயது 11,700 வருஷம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

"அது ரோடு இல்லையே அங்கிள்" என்றாள் மகள், மெதுவாக.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. நான் சொன்னேன்: "தம்பி, உங்க வண்டி மேல கோடு விழாம கொண்டுபோக எங்களால முடிஞ்சதைச் செய்றோம். சுத்தி மட்டும் போக வேண்டாம்." முடியாவிட்டால் இருவரும் திரும்பிவிடுவோம் என்றும் சொன்னேன். சும்மா சொல்லவில்லை. பின்னால் 3 மைலில் வேறு மண் ரோடு இருந்தது.

வழி காட்டியது அப்பா. "முள்ளை ஒடிக்கவும் வேண்டாம், சுத்தவும் வேண்டாம். கவைக்கம்பு இருந்தா போதும். எங்க ஊர்ல மாட்டு வண்டிக்கு அப்படித்தான் வழி விடுவாங்க." கவைக்கம்புக்கு எங்கே போவது? டென்ட் போடும் இடத்தைப் பெருக்க இரண்டு வண்டியிலும் நீளக் கைப்பிடி விளக்குமாறு இருந்தது. அது போதுமென்றார். தோல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. என் கணவர் ஒரு பக்கம், அப்பா மறுபக்கம், இருவரும் புதருக்கு வெளிப்பக்கம் நின்றார்கள். வண்டிக்கும் மேட்டுக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். விளக்குமாற்றின் தலையால் கிளைக் கற்றையை மொத்தமாக வெளியே தள்ளிப் பிடித்துக்கொள்ள, வண்டி ஊர்ந்து போகும். பின் சக்கரம் தாண்டியதும் கிளையைச் சட்டென்று விடாமல் மெதுவாக விட வேண்டும். மகள் முன்னால் நின்று கையால் இடம், வலம் காட்டினாள். 76 வயது மனிதர், முட்டி வலி என்று காலையிலிருந்து முனகியவர், இரண்டு வண்டிகளையும் ஐந்து புதர் தாண்ட வைத்தார். 40 நிமிடம் ஆனது. நண்பரின் மகன் "தாத்தா, நெக்ஸ்ட் முள் எங்கே?" என்று விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தான்.

கோடே விழவில்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் வலது கதவில் மூன்று, அவர்கள் ஃபிலிமில் இரண்டோ மூன்றோ. நண்பர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நகம் மாட்டலை அக்கா" என்றார். அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் ராக் ஸ்பிரிங், மார்ல் ஸ்பிரிங். அதைத் தாண்டினால் கொடிக்கம்பத்தோடு நிற்கும் புகழ்பெற்ற தபால் பெட்டி. உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதலாம். கொஞ்சம் தள்ளி, வருகிறவர்கள் விட்டுப்போன பொம்மைத் தவளைக் கூட்டம். சின்னவன் தன் பெயரை முதல் தடவையாகப் பொதுவான ஒரு நோட்டில் தமிழில் எழுதினான். 'ழ' மட்டும் எழுத நான் உதவினேன்.

நிறுத்திய வண்டியை மறுபடி எடுக்கும்போதெல்லாம் அடியில் குனிந்து பார்ப்பது பிள்ளைகளின் டியூட்டி. பாலைவன ஆமை நிழலுக்காக வண்டிக்கு அடியில் வந்து படுக்கும். பாதுகாக்கப்பட்ட இனம். அதைப் பார்ப்பதோடு எண்ணெய் ஒழுகுகிறதா, சக்கரத்துக்குள் கல் மாட்டியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். ஆமை ஒன்றும் வரவில்லை. மகனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

மூன்றாம் நாள் சோடா லேக். பெயர்தான் ஏரி, வறண்ட உப்புத்தளம். மழை பெய்திருந்தால் இதில் இறங்கவே கூடாது. மேலே வெள்ளைப் பொருக்கு, அடியில் சேறு. பேக்கர் ஊர் வழியாகச் சுற்றிப் போவதே உத்தமம். காய்ந்திருந்தாலும் தடத்திலேயே போக வேண்டும். நடுவில் ஒரு கற்குவியல். ஒவ்வொரு பயணியும் கல் கொண்டுவந்து சேர்ப்பது வழக்கம். பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஆளுக்கொன்று கொண்டுவந்திருந்தார்கள். அங்கே ஒரு பலகையில் ஏதோ எழுதியிருக்கும். அதை வெளியே சொல்லக் கூடாது என்பது இந்த ரோட்டின் மரபு. நானும் சொல்லப்போவதில்லை.

பெயின்ட்டைப் பற்றி இவ்வளவு பேசினோம். உண்மையில் வண்டியின் ஆயுளைத் தின்பது இந்த உப்புதான். கண்ணுக்குத் தெரியும் கோட்டைவிட, அடிச்சட்டத்தின் மூலையில் ஒட்டியிருக்கும் உப்புமண் மோசம். அதனால் ஆஃப்டன் கணவாயைத் தாண்டி ஃப்ரீவே ஏறியதும், டயருக்குக் காற்று அடித்துவிட்டு, பார்ஸ்டோவில் முதல் வேலையாகத் தண்ணீர் பீய்ச்சும் கார் வாஷ். கீழிருந்து மேலே, சக்கர வளைவு, சட்டம், ஸ்லைடரின் உள்பக்கம் எல்லாம். வரும் தண்ணீர் தெளியும்வரை அடிக்க வேண்டும். அப்பா துணியோடு இறங்கினார். "அப்பா, இருங்க, முதல்ல தண்ணி" என்று தடுத்தேன். புழுதி மேல் காய்ந்த துணியால் துடைத்தால் மூன்று நாளில் முள் போடாத கோட்டை மூன்று நிமிடத்தில் நாம் போட்டுவிடுவோம்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாளி: ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் துணியை அலசச் சுத்தத் தண்ணீர். காய்ந்ததும் கோடுகளை எண்ணினோம். பாலிஷ் ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்த்து எடுக்கிறது. அதனால் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் போடாமல் சீசன் முடிந்து ஒரே தடவை போடுவது எங்கள் வழக்கம். சக்கர வளைவில் ஓரிடத்தில் மட்டும் கல் பட்டுத் தகரம் தெரிந்தது. அதை அன்றே தொட்டு மூடினோம். தகரம் வெளியே தெரிந்தால் துரு காத்திருக்காது. டச்-அப் பேனா வாங்க வண்டியின் நிறக் குறியீடு வேண்டும். பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் அந்த ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

நண்பர் வண்டி ஃபிலிமில் விழுந்த கோடுகளில் ஒன்று அடுத்த வார வெயிலில் மறைந்துவிட்டதாம், படம் அனுப்பியிருந்தார். மற்றது அப்படியே இருக்கட்டும் என்று அவர் மகன் சொல்லிவிட்டானாம். தாத்தா பிடித்த புதர் போட்ட கோடாம் அது.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம், மழை எச்சரிக்கை இருந்தால் தள்ளிப் போடுங்கள். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலனுக்குக் குறையாமல். டேங்க் நிறையக் கேஸ், ஒரு முழு ஸ்பேர் டயர், காற்று அடிக்கச் சிறிய கம்ப்ரஸர், காகித வரைபடம், கூட இன்னொரு வண்டி. நீல டேப் ஒரு சுருள். மறக்காமல் நீளக் கைப்பிடி வைத்த இரண்டு விளக்குமாறு.